உங்கள் ஊர்க் குளிருக்கு எந்த ப்ளூபெர்ரி?

வசந்தம் தொடங்கியதும் பெரிய கடைகளின் தோட்டப் பிரிவில் ப்ளூபெர்ரிச் செடிகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாத் தொட்டியிலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: கைநிறைய நீலப் பழம். விலையும் கையைக் கடிக்காது. இரண்டு வாங்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் ஊரில் குளிர்காலம் எப்படிப்பட்டது? ப்ளூபெர்ரியில் ரகம் தேர்வு செய்வது முக்கால்வாசி இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். பழத்தின் பருமன், இனிப்பு, இலையின் நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

நெல் விளைவிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவைப் பட்டத்தில் நீண்டகாலச் சம்பா ரகத்தை விதைத்துவிட்டு, ஏன் நேரத்துக்குக் கதிர் வரவில்லை என்று எந்த டெல்டா விவசாயியும் திகைக்கமாட்டார். ப்ளூபெர்ரிக்கும் பட்டம் உண்டு. அதை நிர்ணயிப்பது குளிர்.

வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து செடி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். அதனால் அமெரிக்க உதாரணங்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கும் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் எண், உங்கள் ஊரில் குளிர் அதிகபட்சம் எவ்வளவு கீழே இறங்கும் என்பது. அமெரிக்காவில் இதற்கென வேளாண்மைத் துறையின் மண்டல வரைபடம் இருக்கிறது. 2023இல் புதுப்பித்தார்கள். அஞ்சல் குறியீட்டைப் போட்டால் 5, 6, 7 என்று மண்டல எண் வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டின் மிகக் குளிரான இரவையும் எடுத்து, 30 ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்துக் கணக்கிட்ட எண் அது. செடி உயிர் பிழைக்குமா என்பதை மட்டும்தான் அது சொல்லும். கனடாவின் வரைபடம் வேறு முறையில் கணக்கிடப்பட்டது, அதனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காய்க்குமா என்பதைச் சொல்வது இரண்டாவது எண். அதைக் குளிர் மணிநேரம் என்பார்கள். இலையுதிர்ந்து உறங்கும் ப்ளூபெர்ரிச் செடி, 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் குறிப்பிட்ட மணிநேரம் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்த பிறகுதான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து கிடக்கும் நேரம் கணக்கில் சேராது. மைனஸ் 20 வரை போகிற ஊரில் குளிர் மணிநேரம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதில் பெரும்பகுதி அங்கே இலையுதிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும்தான் சேர்கிறது.

மண்டல எண்ணை மட்டும் வைத்துச் செடி வாங்கினால் ஏமாறுவோம் என்பதற்கு சியாட்டலும் டாலஸும் நல்ல உதாரணம். வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மண்டலம். சியாட்டலில் நீண்ட, ஈரமான, மிதமான குளிர்காலமும் இதமான கோடையும் இருக்கும். டாலஸில் இன்று ஸ்வெட்டர், நாளை அரைக்கைச் சட்டை. கோடையில் 40 டிகிரியைத் தொடும். ஒன்றில் செழிக்கும் ரகம் மற்றதில் திணறும்.

குளிர் மணிநேரக் கணக்கை எங்கே வாங்குவது? அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டியிலும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலகம் இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இதைவிட எளிய வழி, பக்கத்தில் நாமே பறித்துக்கொள்ளும் பண்ணை ஏதாவது இருந்தால் பழ சீசனில் ஒரு முறை போய்வருவது. வரிசை முனைகளில் ரகத்தின் பெயர் எழுதிய பலகை இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒத்துவராத ரகத்தை எந்தப் பண்ணைக்காரரும் ஏக்கர் கணக்கில் வைத்திருக்கமாட்டார்.

இரண்டாம் படி: எந்தக் குடும்பம்?

தனி ரகங்களின் பெயர்ப் பட்டியலில் நேராக இறங்காதீர்கள். தலை சுற்றும். முதலில் குடும்பத்தைப் பிடித்துவிட்டால் ரகம் தானாகக் குறுகிவிடும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது நார்தர்ன் ஹைபுஷ். ப்ளூக்ராப், டியூக், பேட்ரியட், ப்ளூரே, ஜெர்சி, சாண்ட்லர், எலியட் எல்லாம் இந்த வகை. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே இதற்கு என்ன தேவை என்பது விளங்கிவிடும். நியூ ஜெர்சியின் பைன் காட்டுப் பகுதியில், ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில், எலிசபெத் ஒயிட் என்பவரின் குடும்பம் கிரான்பெர்ரிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தது. 1911இல் எலிசபெத், தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலுடன் சேர்ந்து காட்டு ப்ளூபெர்ரியைத் தோட்டப்பயிராக்கும் வேலையைத் தொடங்கினார். காட்டில் பழம் பறிக்கும் உள்ளூர் ஆட்களிடம், பழத்தை அளக்க ஓட்டை போட்ட ஒரு தகட்டைக் கொடுத்து, அதற்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம் என்றார். அப்படிக் கிடைத்த ஒரு புதர்தான், கண்டுபிடித்த ரூப் லீக்கின் பெயரை ஒட்டி ரூபெல் ஆனது. இன்றும் நர்சரிகளில் விற்கிறார்கள். 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. மணல் கலந்த புளிப்பு மண், எப்போதும் ஈரம், பனி விழும் நீண்ட குளிர்காலம்: அந்தக் காடு கொடுத்த இத்தனையையும் இந்த ரகங்கள் இன்றுவரை கேட்கின்றன. 800 முதல் 1000 மணிநேரக் குளிர் வேண்டும். மைனஸ் 25 வரை பெரும்பாலானவை தாங்கும். கொளுத்தும் கோடை ஆகாது.

இதற்கும் வடக்கே, மினசோட்டா மாதிரியான ஊர்களுக்கு ஹாஃப்-ஹை. உயரமான ஹைபுஷையும் தரையோடு படரும் காட்டு ப்ளூபெர்ரியையும் சேர்த்து மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கியவை இதில் பிரபலம்: நார்த்ப்ளூ, நார்த்ஸ்கை, நார்த்கண்ட்ரி, போலாரிஸ், சிப்பவா. இடுப்பளவுக்கு மேல் வளராது. அந்தக் குட்டை உருவம்தான் இவற்றின் பலம். பனி மூடினால் செடி முழுக்கப் போர்வைக்குள் போய்விடும், வெளியே மைனஸ் 35 அடித்தாலும் கிளை கருகாது. தரையோடு படரும் அந்த லோபுஷ் வகை மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்கிலும் காடாகவே விளைகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அதை விட்டுவிடலாம்.

தெற்கே வந்தால் ராபிட்ஐ. ஜார்ஜியா, அலபாமா, வட புளோரிடா ஆற்றோரங்களில் தானாக வளர்ந்த இனம். வெயிலையும் வறட்சியையும் களிமண்ணையும் மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். 350 முதல் 700 மணிநேரக் குளிர் போதும். ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்திலிருந்து 1955இல் வந்த டிஃப்ப்ளூ பழைய பெயர். பிரைட்வெல், பவுடர்ப்ளூ, பிரீமியர், கிளைமாக்ஸ் எல்லாம் அப்புறம் வந்தவை. தோல் கொஞ்சம் கெட்டி, விதை நாக்கில் படும் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் நீலமானவுடன் பறித்துத் தின்றவர்கள் என்பது என் சந்தேகம். நீலமான பிறகும் ஒரு வாரம் செடியிலேயே விடுங்கள். தொட்டால் கையோடு வரும்போது அதன் இனிப்பு வேறு.

கடைசியாக சதர்ன் ஹைபுஷ். புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் வடக்கத்திய ஹைபுஷை, புளோரிடாவில் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் ஒரு காட்டு ப்ளூபெர்ரியோடு கலந்தார். 1970களில் வெளிவந்த ஷார்ப்ப்ளூ அந்த உழைப்பின் பலன். இப்போது மிஸ்டி, ஓநீல், எமரால்டு, ஜுவல், சன்ஷைன் ப்ளூ, பிலாக்ஸி என்று நிறைய இருக்கின்றன. 200 முதல் 600 மணிநேரத்தில் வேலை முடிந்துவிடும். சிலவற்றுக்கு அதுகூட வேண்டாம். சுவையில் வடக்கத்திய ரகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மண் விஷயத்தில் ராபிட்ஐ மாதிரி விட்டுக்கொடுக்காது. வடிகால் சரியில்லையென்றால் வேர் அழுகிப்போகும்.

மூன்றாம் படி: குறைந்த குளிர் கேட்கும் ரகம் என்றால் எங்கும் வருமா?

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ‘எங்கள் ஊரில் 1000 மணிநேரக் குளிர் கிடைக்கிறது, 200 மணிநேரம் கேட்கும் ரகத்தை வைத்தால் இன்னும் நல்லதுதானே’ என்று கேட்பார்கள். நல்லதில்லை.

200 மணிநேரம் கேட்கும் மிஸ்டியை ராலேயில் வைத்தால் டிசம்பர் முடிவதற்குள் அதன் உறக்கம் தீர்ந்துவிடும். அதன் பிறகு அது சும்மா படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் நான்கு நாள் வெயில் அடித்தால் வசந்தம் வந்துவிட்டது என்று பூக்கத் தொடங்கும். எங்கள் பக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரை உறைபனி வரக்கூடும். இறுக மூடிய மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த பூவுக்கு மைனஸ் 2 டிகிரியே எமன். 2017 மார்ச்சில் ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் நடந்தது இதுதான். குளிர்காலம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததால் செடிகள் முன்கூட்டியே பூத்துவிட்டன. பிறகு வந்த ஒரு குளிர் அலை ப்ளூபெர்ரியையும் பீச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

பனி விழுந்த மறுநாள் பூவைப் பார்த்தால் ஒன்றும் ஆகாதது போலவே தெரியும். இதழ் வெள்ளையாகவே இருக்கும். ஒரு பூவைப் பறித்து நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடியில் இருக்கும் சூல் இளம்பச்சையாக இருந்தால் பிழைத்தது. பழுப்போ கறுப்போ ஆகியிருந்தால் அந்தப் பூ காயாகாது.

அதனால் கேட்க வேண்டியது, இந்த ரகத்துக்கு எத்தனை மணிநேரம் என்பதோடு எப்போது பூக்கும் என்பதும்தான். உங்கள் ஊரின் கடைசி உறைபனித் தேதியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன்பே பூக்கும் ரகம் வேண்டாம். ராபிட்ஐயிலேயே கிளைமாக்ஸ் சீக்கிரம் பூப்பது. பவுடர்ப்ளூவும் பிரைட்வெல்லும் கொஞ்சம் தாமதிப்பவை. எங்கள் பக்கம் யாராவது கேட்டால் நான் பின்னிரண்டைத்தான் சொல்வேன். உங்கள் ஊரின் குளிர் மணிநேரத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கேட்கும் ரகமே சரியான தேர்வு. மிகக் குறைவாகக் கேட்பது ஆபத்து.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. நண்பர் ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்குக் குடிபோனபோது, ஆசையாக வளர்த்த ப்ளூக்ராப்பைத் தொட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே போதிய குளிர் இல்லை. வசந்தம் முழுக்க அது முழிப்பதும் தூங்குவதுமாக இருந்தது. இலை தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பூ பேருக்கு வந்தது. செடி சாகவில்லை, காய்க்கவும் இல்லை.

நான்காம் படி: மண்ணையும் குழாய்த் தண்ணீரையும் பாருங்கள்

ப்ளூபெர்ரிக்கு மண்ணின் பி.எச். அளவு, அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண், 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். பெரும்பாலான காய்கறித் தோட்டங்கள் 6.5 பக்கம் இருக்கும். காரம் கூடினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி, பீட் மாஸும் (மட்கிய பாசி) பைன் பட்டைத் தூளும் கலந்த அமிலக் கலவை, முடிந்தவரை மழைத்தண்ணீர் என்று போய்விடுங்கள். நுரைக்கவில்லை, ஆனால் பி.எச். 6 பக்கம் இருக்கிறது என்றால், நடுவதற்குச் சில மாதங்கள் முன்பே கந்தகத் தூள் கலந்து வைத்தால் மெல்ல இறங்கும்.

தொட்டிதான் வழி என்றால் ரகத் தேர்வும் மாறும். ஆறடி வளரும் ராபிட்ஐயை விட, சன்ஷைன் ப்ளூ, டாப் ஹாட், நார்த்ஸ்கை மாதிரியான குட்டை ரகங்கள் வசதி. காரத்தன்மையைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வது சன்ஷைன் ப்ளூ. கடுங்குளிர் ஊர்களில் தொட்டியில் வேர் சீக்கிரம் உறையும் என்பதால் குளிர்காலத்தில் கராஜுக்குள் நகர்த்திவிடுங்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் செடிக்குப் போடுவோம் அல்லவா? ப்ளூபெர்ரிக்கு வேண்டாம். இரண்டும் காரத்தைக் கூட்டும். சாணி உரமும் ஒத்துக்கொள்ளாது.

ஐந்தாம் படி: ஜோடி

ராபிட்ஐ ஒற்றைச் செடியாக இருந்தால் பூத்துக் குலுங்கும், காய் அநேகமாக வராது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே சமயத்தில் பூக்கும் இன்னொரு ராபிட்ஐ ரகம் பக்கத்தில் வேண்டும்: டிஃப்ப்ளூவும் பவுடர்ப்ளூவும், அல்லது பிரைட்வெல்லும் பவுடர்ப்ளூவும். ஹைபுஷ் செடி பக்கத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை வேறு, அதனால் ஒன்றுக்கொன்று சரியான துணை ஆகாது. ஹைபுஷ் வகைகள் தனியாகவும் காய்க்கும். இரண்டு ரகம் இருந்தால் பழம் பெரிதாக இருக்கும்.

ஜோடியை, அடுத்தடுத்துப் பழுக்கும்படி தேர்ந்தெடுத்தால் இன்னொரு லாபம். நியூ ஜெர்சியில் டியூக் ஜூனில் தொடங்கும், ப்ளூக்ராப் ஜூலையைப் பார்த்துக்கொள்ளும், எலியட் ஆகஸ்டில் முடித்துவைக்கும். கோடை குறுகிய வட ஊர்களில் எலியட் மாதிரித் தாமத ரகங்களுக்கு ஆசைப்படாதீர்கள். காய் பச்சையாக இருக்கும்போதே குளிர் வந்துவிடும்.

ஊர்வாரியாக

எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் இருப்பவர்களுக்கு அதிக யோசனை தேவையில்லை. ப்ளூபெர்ரியின் தாய்வீட்டிலேயே இருக்கிறீர்கள். டியூக், ப்ளூக்ராப் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

டொரன்டோ, ஸ்கார்பரோவுக்கு பேட்ரியட், ப்ளூக்ராப், ப்ளூரே. குளிர்காற்று நேராக அடிக்கும் கொல்லை என்றால் நார்த்ப்ளூ. பல இடங்களில் மண் காரக் களிமண்; உயர்த்திய பாத்தி போடுங்கள். சிகாகோவுக்கும் இதேதான். மினியாபொலிஸ்காரர்கள் ஹாஃப்-ஹையைத் தாண்ட வேண்டாம்.

அட்லாண்டா, சார்லட், ராலே: ராபிட்ஐ. செம்மண் களியில் பைன் பட்டை நிறையக் கலந்து, மேடாக்கி நடுங்கள்.

டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு சதர்ன் ஹைபுஷும் குறைந்த குளிர் கேட்கும் ராபிட்ஐயும் சரி. டாலஸின் கரிசல் மண்ணும் குழாய்த் தண்ணீரும் காரம். அங்கே தொட்டி ஒன்றே வழி. கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதிக்கு சன்ஷைன் ப்ளூ, ஜுவல், ஓநீல், மிஸ்டி.

லண்டனில் குளிர் மணிநேரத்துக்குப் பஞ்சமில்லை, கோடையும் இதம். டியூக், ப்ளூக்ராப், எர்லிப்ளூ நன்றாக வரும். அங்கே பிரச்சினை தண்ணீர்: குழாயில் வருவது சுண்ணாம்பு. மழைத்தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று வாங்கிவிட்டுச் செடி வாங்குங்கள். மெல்பர்னுக்கு அந்த மாநிலத்திலேயே உருவான பிரிஜிட்டா இருக்கிறது. சிட்னிக்கும் அதற்கு வடக்கேயும் சதர்ன் ஹைபுஷ், ராபிட்ஐ.

தமிழ்நாட்டில் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நம்பி இறங்கக்கூடிய இடங்கள். நீலகிரி மண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண், அது ப்ளூபெர்ரிக்கும் பொருந்தும். சோலைக் காடுகளில் ப்ளூபெர்ரியின் பேரினமான வாக்ஸினியத்தைச் சேர்ந்த செடிகள் இயற்கையாகவே வளர்கின்றன. குளிர்கால இரவு 5 டிகிரிக்கு இறங்கினாலும் பகலில் 20ஐத் தொட்டுவிடுவதால் குளிர் மணிநேரம் குறைவு. ஆகவே வடக்கத்திய ரகங்களைத் தொடாதீர்கள். பிலாக்ஸி, மிஸ்டி, ஷார்ப்ப்ளூ, எமரால்டு என்று தேடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி கட்டாயம்.

சென்னை, மதுரைக்காரர்கள் கேட்பார்கள், பெருவில் குளிரே இல்லாமல் விளைகிறதே என்று. உண்மைதான். பெருவின் பாலைவனக் கடற்கரையில் பிலாக்ஸியும் வென்ச்சுராவும் இலையே உதிராமல் காய்க்கின்றன; உலகச் சந்தைக்கு அதிகம் ஏற்றுமதி செய்வதும் அந்த நாடுதான். ஆனால் அங்கே கடலில் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் இரவுகளை இதமாக்குகிறது, மழையும் இல்லை, சொட்டுநீரில் உரம் அளந்து போகிறது. நம் சமவெளியின் மே மாத இரவு அப்படியில்லை. பெங்களூருவில் பிலாக்ஸியைத் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் அந்தக் காசுக்கு ஒரு கொய்யா வைக்கலாம்.

வாங்கும்போது

பெயர்ச்சீட்டில் ‘ப்ளூபெர்ரி’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ரகத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எந்தக் குடும்பம் என்பதைக் கடையிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள். சங்கிலிக் கடைகள் ஒரே லாரிச் சரக்கைப் பல மாநிலங்களுக்கு இறக்குவது உண்டு. தெற்கே இருக்கும் கடையில் வடக்கத்திய ரகம் நிற்பது சகஜம்.

இரண்டு அல்லது மூன்று வயதுச் செடி நல்லது. குளிர்காலத்தில் வாங்கினால் கிளையை உற்றுப் பாருங்கள். நுனியில் உருண்டையாகப் பருத்திருப்பவை பூமொட்டுகள், கீழே மெலிந்து கூராக ஒட்டியிருப்பவை இலைமொட்டுகள். நுனி முழுக்கப் பருத்த மொட்டாக இருக்கும் சின்னச் செடியைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியிலிருந்து தடிமனான இரண்டு மூன்று தண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நட்ட முதல் ஆண்டு அந்தப் பூமொட்டுகளை எப்படியும் விரலால் உருவிவிடத்தான் போகிறோம், வேர் பிடிக்கட்டும் என்று. கடுங்குளிர் ஊர்களில் வசந்தத் தொடக்கத்தில் நடுங்கள். தெற்கே இலையுதிர்காலத்தின் கடைசியிலிருந்து குளிர்காலம் முழுக்க நடலாம்.